நகர, வட்டாரத் திட்டமிடல் ஆய்வை ஆய்விதழில் வெளியிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நகர, வட்டாரத் திட்டமிடல் துறையில் எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகளில் பல, மதிப்பாய்வாளர்களின் பார்வைக்கே போகாமல் பதிப்பாசிரியரின் மேசையிலிருந்து திரும்பிவிடுகின்றன. தரவு போதாமல் திரும்புபவையும் மொழிக் குறையால் திரும்புபவையும் உண்டு. ஆனால் இத்துறைக்கே உரிய குறை ஒன்று இருக்கிறது. கட்டுரை ஒரு நகரத்தைப் பற்றிய அறிக்கையாக எழுதப்பட்டிருக்கும். அந்த நகரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு வாசகர் அதிலிருந்து எதைத் தெரிந்துகொள்ளலாம் என்பதற்கு அதில் விடை இருக்காது. திட்டமிடுநர்கள் அன்றாடம் எழுதுவது அறிக்கைகளைத்தான் என்பதால் இதில் வியப்பில்லை. முழுமைத் திட்ட அறிக்கையானாலும் போக்குவரத்து ஆய்வறிக்கையானாலும் அது பின்னணி, தற்போதைய நிலை, பகுப்பாய்வு, பரிந்துரை என்ற வரிசையில் நடக்கும். ஆய்விதழ்க் கட்டுரையின் கட்டமைப்பு வேறு: ஒரு கேள்வி, அதைப் பற்றி இதுவரை அறியப்பட்டது, புதிதாக முன்வைக்கப்படும் கூற்று, அதற்கான சான்று, அந்தச் சான்றின் எல்லை. கீழ்வரும் படிகள் அனைத்தும் முதல் வகை எழுத்தை இரண்டாம் வகையாக மாற்றும் வேலையைப் பற்றியவை.

முதற்படி: ஆய்வை ஒரே கூற்றாகச் சுருக்குதல்

எழுத உட்காருவதற்கு முன், ஆய்வின் பயனை இரண்டு வாக்கியங்களுக்குள் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொண்டு இதைக் காட்டலாம். நகர விளிம்பில் சுற்றுச்சாலை போடப்பட்ட பிறகு நிலம் எப்படி மாறியது என்று ஒருவர் ஆய்வு செய்திருக்கிறார். அவருடைய முதல் வரைவு இப்படித் தொடங்குகிறது: "இந்த ஆய்வு 2005 முதல் 2020 வரை நகர விளிம்பில் ஏற்பட்ட நிலப்பயன்பாட்டு மாற்றத்தைச் செயற்கைக்கோள் படங்களின் உதவியால் ஆராய்கிறது." இது ஆய்வின் பரப்பைச் சொல்கிறதே தவிர, ஆய்வு என்ன சொல்கிறது என்பதைச் சொல்லவில்லை. அதே ஆய்வின் கூற்றாக இதை எழுதலாம்: "வேளாண் நிலம் மனைகளாக மாறிய வேகத்தைச் சாலையிலிருந்து உள்ள தூரம் தனியாக விளக்கவில்லை, மனைப்பிரிவுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் இரண்டு உள்ளாட்சிகளுக்கு இடையே பிரிந்து கிடந்த இடங்களில் மாற்றம் முந்தி நிகழ்ந்தது." இரண்டாவதில் நகரத்தின் பெயரே இல்லை. ஆனால் அதிகாரம் பிரிந்து கிடக்கும் எந்த நகரத்தின் ஆய்வாளரும் அதை ஏற்கவோ மறுக்கவோ முடியும். கூற்றுக்கான சோதனையும் அதுதான்: வேறு இடத்தில் இருப்பவர் மறுக்க இயலாத ஒன்று பெரும்பாலும் கூற்றாக இருக்காது.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் எழுதிய குடிமக்கள் பங்கேற்பு பற்றிய கட்டுரை இதற்கு நல்ல சான்று. அவர் கையாண்ட பொருள் நகரச் சீரமைப்பு, வறுமை ஒழிப்பு, மாதிரி நகரங்கள் ஆகிய அன்றைய அமெரிக்கக் கூட்டரசுத் திட்டங்கள்; இன்று அந்தத் திட்டங்களின் பெயரை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. பங்கேற்பு என்பது அதிகாரத்தைப் பகிர்வது என்ற கூற்றும், அதை எட்டுப் படிகளைக் கொண்ட ஏணியாக அடுக்கிய விதமும் மட்டுமே உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்து, இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன.

முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்து கட்டுரை எடுப்பவர்கள் அத்தியாயத்தை வெட்டி எடுத்து அனுப்பக்கூடாது. ஆய்வேட்டில் எத்தனை தனித்த கூற்றுகள் உள்ளனவோ அத்தனைக் கட்டுரைகள் கிடைக்கும். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. அதற்கு மேல் பிரித்தால் ஒரே முடிவைத் துண்டு துண்டாக விற்பது போலாகும். பதிப்பாசிரியர்கள் அதை எளிதில் கண்டுகொள்வார்கள்.

இரண்டாம் படி: எழுதுவதற்கு முன்பே இதழைத் தேர்ந்தெடுத்தல்

கட்டுரையை முடித்துவிட்டு இதழ் தேடுவது பரவலான வழக்கம். அது கூடாத வழக்கம். ஒவ்வோர் இதழும் தனக்கென்று ஓர் உரையாடலை நடத்திக்கொண்டிருக்கிறது. அந்த உரையாடலில் யாருக்குப் பதில் சொல்கிறோம் என்று தெரியாமல் முன்னுரையை எழுத முடியாது.

1910-இல் லிவர்பூலில் தொடங்கிய 'டவுன் பிளானிங் ரிவ்யூ' இத்துறையின் மூத்த இதழ்களுள் ஒன்று. திட்டமிடல் நடைமுறையும் கொள்கையும் அதன் களம். 'ஜர்னல் ஆஃப் தி அமெரிக்கன் பிளானிங் அசோசியேஷன்' தொழில்முறைத் திட்டமிடுநர்களையும் வாசகராகக் கொண்டது. அதனால் ஆய்வுச் சுருக்கத்திலேயே நடைமுறைக்கு என்ன பயன் என்பதைத் தனிப் பகுதியாக எழுதச் சொல்கிறது. 'பிளானிங் தியரி' கோட்பாட்டு விவாதத்துக்கானது. அங்கே வெறும் களத்தரவு செல்லுபடியாகாது. வட்டார வளர்ச்சி, பொருளியல் ஏற்றத்தாழ்வு ஆகியவற்றுக்கு 'ரீஜனல் ஸ்டடீஸ்', கணினி மாதிரிகளுக்கும் இடஞ்சார் பகுப்பாய்வுக்கும் 'என்விரான்மென்ட் அண்ட் பிளானிங்' வரிசையின் பி பிரிவு, திட்டமிடல் வரலாற்றுக்குப் 'பிளானிங் பெர்ஸ்பெக்டிவ்ஸ்', வளரும் நாடுகளின் குடியிருப்புச் சிக்கல்களுக்கு 'ஹேபிடாட் இன்டர்நேஷனல்', 'என்விரான்மென்ட் அண்ட் அர்பனைசேஷன்' என்று களங்கள் பிரிந்து கிடக்கின்றன. துறைக்கு வெளியே போவதிலும் தவறில்லை. திட்டமிடலின் சிக்கல்கள் ஏன் முடிவாகத் தீர்வதே இல்லை என்று ரிட்டலும் வெப்பரும் 1973-இல் எழுதிய கட்டுரை, திட்டமிடல் இதழில் வராமல் 'பாலிசி சயன்சஸ்' என்ற கொள்கை ஆய்விதழில்தான் வெளிவந்தது.

எது பொருந்தும் என்பதைக் கண்டறிய எளிய வழி உங்கள் மேற்கோள் பட்டியலிலேயே இருக்கிறது. எந்த இதழின் கட்டுரைகள் அதில் திரும்பத் திரும்ப வருகின்றனவோ அந்த இதழின் உரையாடலில்தான் நீங்கள் ஏற்கெனவே இருக்கிறீர்கள். அனுப்ப நினைக்கும் இதழிலிருந்து ஒரு கட்டுரைகூட உங்கள் பட்டியலில் இல்லையென்றால் அது பொருத்தமான இடம்தானா என்று மறுபடி யோசிக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் அந்த இதழின் நான்கு கட்டுரைகளைப் பட்டியலில் செருகுவது யாரையும் ஏமாற்றாது.

தாக்கக் காரணியைப் பார்க்கலாம். ஆனால் அதற்கு அடிமையாக வேண்டாம். வழக்கமான தாக்கக் காரணி, முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியான கட்டுரைகள் பெறும் மேற்கோள்களை மட்டும் கணக்கில் எடுக்கிறது. திட்டமிடல் ஆய்வுகளோ மெதுவாகப் படிக்கப்பட்டு, மெதுவாக மேற்கோள் காட்டப்படுபவை. பணி உயர்வுக்கோ பட்டத்துக்கோ ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயன்ஸ் பட்டியலில் உள்ள இதழ்தான் வேண்டும் என்று நிறுவனம் கேட்டால், அந்த இதழ் பட்டியலில் இருக்கிறதா என்பதை அந்தத் தரவுத்தளத்தின் சொந்தத் தளத்தில்தான் சரிபார்க்க வேண்டும். உண்மையான இதழின் பெயரையும் அதன் அடையாள எண்ணையும் (ISSN) அப்படியே நகலெடுத்து நடத்தப்படும் போலித் தளங்கள் இருக்கின்றன. இதழின் தளத்தில் போட்டிருக்கும் முத்திரை எதையும் நிரூபிக்காது. மதிப்பாய்வு ஒரே வாரத்தில் முடியும் என்ற உறுதிமொழியும், துறைக்குத் தொடர்பில்லாத தலைப்புகள் கலந்து வரும் இதழ்களும், புகழ்ந்து வரும் அழைப்பு மின்னஞ்சல்களும் எச்சரிக்கை மணிகள்.

யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் இதழ்களில் ஆசிரியர் செலுத்தும் பதிப்புக் கட்டணம் இருந்தால், அதைக் கட்டுரை அனுப்புவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். வருமானம் குறைந்த நாடுகளின் ஆய்வாளர்களுக்குப் பெரும் பதிப்பகங்கள் பல கட்டண விலக்கோ தள்ளுபடியோ தருகின்றன. ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் அது மறுக்கப்படலாம். ஆசிரியரிடமும் வாசகரிடமும் கட்டணம் வாங்காத இதழ்களும் உண்டு. திறந்த அணுகல் இதழ்களின் பட்டியலான டிஓஏஜே (DOAJ) தளத்தில் கட்டணம் இல்லாதவற்றை மட்டும் பிரித்துத் தேட முடியும்.

மூன்றாம் படி: சான்றைச் சோதித்தல்

இத்துறையின் மதிப்பாய்வாளர்கள் அடிக்கடி கைவைக்கும் இடங்கள் சில உண்டு. அவற்றை எழுதுவதற்கு முன்பே சரிசெய்துகொள்வது நல்லது.

முதலாவது, பரப்பலகு. வார்டு, வட்டம், மாவட்டம் என்று எந்த எல்லையைக் கொண்டு தரவைத் தொகுக்கிறோமோ அதைப் பொறுத்து முடிவே மாறக்கூடும். புவியியலாளர்கள் ஓப்பன்ஷாவும் டெய்லரும் 1979-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தின் 99 கவுண்டிகளை வெவ்வேறு விதமாகச் சேர்த்துத் தொகுத்துக் காட்டினார்கள். முதியோர் விகிதத்துக்கும் ஒரு கட்சியின் வாக்கு விகிதத்துக்கும் இடையிலான ஒட்டுறவு (correlation), தொகுக்கும் விதத்தைப் பொறுத்து ஏறக்குறைய முழு எதிர்மறையிலிருந்து முழு நேர்மறை வரை எங்கு வேண்டுமானாலும் போயிற்று. ஆகவே நிர்வாக எல்லையில் செய்த கணக்கீட்டை வேறொரு கட்ட அளவிலும் ஒருமுறை செய்து பார்த்து, இரண்டையும் கட்டுரையில் தெரிவிக்க வேண்டும். இதையொட்டியதுதான் இடஞ்சார் தன்னொட்டுறவும்: அண்டை வார்டுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பது இயல்பு. அதைப் பொருட்படுத்தாமல் சாதாரணப் பின்னடைவுச் சமன்பாட்டை (regression) பயன்படுத்தினால் முடிவுகள் இருப்பதைவிட உறுதியாகத் தோன்றும். சமன்பாடு விளக்காமல் விட்ட எச்சங்களின் (residuals) மீது, அண்டை இடங்களின் ஒப்புமையை அளக்கும் மொரான் சோதனையைச் செய்து காட்டினால் அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொன்னதாகும்.

இரண்டாவது, செயற்கைக்கோள் படங்கள். லேண்ட்சாட் படங்கள் 2008-இலிருந்து இலவசமாகக் கிடைப்பதால், ஒரு நகரத்தின் நிலப்பரப்பு மாற்றத்தை வகைப்படுத்திப் படம் போடுவது மட்டும் இனி ஓர் ஆய்வாகக் கருதப்படுவதில்லை. 30 மீட்டர் படப்புள்ளியில் ஒடுங்கிய தெருக்களும் சிறு வீடுகளும் கலந்துவிடும் என்பதையும், வகைப்படுத்தலின் துல்லியத்தை எந்தச் சரிபார்ப்புப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டோம் என்பதையும் எழுதியாக வேண்டும்.

மூன்றாவது, நேர்காணல்கள். திட்டமிடல் ஆய்வில் பெயரை மறைப்பது கடினம். "வளர்ச்சி ஆணையத்தின் மூத்த அதிகாரி ஒருவர்" என்று எழுதினால், ஊருக்கு ஓர் ஆணையமும் அதில் இரண்டு மூத்த அதிகாரிகளும் இருக்கும்போது அவர் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதிகாரம் பறிபோகக்கூடியவர்களையும் வீடு பறிபோகக்கூடியவர்களையும் ஒரே விதமாகக் கையாளக்கூடாது. ஆக்கிரமிப்பு நிலத்தில் குடியிருப்பவர்களின் வீட்டைப் புள்ளி வைத்துக் காட்டும் வரைபடம், ஆய்வாளர் ஊரைவிட்டுப் போன பிறகும் பயன்படுத்தப்படும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் களப்பணி தொடங்கும் முன்பே வாங்கிவிட வேண்டும். பின்தேதியிட்டு வாங்க முடியாது.

இறுதியாக, ஏன் இந்த நகரம் என்ற கேள்வி. அருகில் இருந்தது, தரவு கிடைத்தது என்பவை நேர்மையான காரணங்கள். ஆனால் அவை போதா. கோட்பாடு எங்கே தோற்கும் என்று எதிர்பார்க்கிறோமோ அந்த இடம், அல்லது மிக எளிதாகப் பலித்திருக்க வேண்டிய இடம் என்று நகரத்தின் தேர்வைக் கேள்வியோடு கட்ட வேண்டும்.

நான்காம் படி: எழுதும் வரிசை

ஆய்வு முறையையும் முடிவுகளையும் முதலில் எழுதுங்கள். முன்னுரையைப் பிறகு, ஆய்வுச் சுருக்கத்தைக் கடைசியில். இத்துறை இதழ்களில் 6,000 முதல் 9,000 சொற்கள் வரை இடம் கிடைப்பது வழக்கம். மேற்கோள் பட்டியல் அந்தக் கணக்கில் சேருமா என்பது இதழுக்கு இதழ் மாறும்.

இலக்கிய மீளாய்வை ஆசிரியர் வரிசையில் எழுதுவது ஆய்வேட்டின் பழக்கம். இன்னார் இதைச் சொன்னார், இன்னார் அதைச் சொன்னார் என்று அடுக்கினால் பத்துப் பக்கம் நிறையும், வாதம் நகராது. எந்தக் கருத்தில் உடன்பாடு, எதில் பிளவு, பிளவு எதனால் என்று வாதத்தின் வரிசையில் எழுதினால் அதில் பாதி இடமே போதும். உள்ளூர் நிர்வாகச் சொற்களைப் பொறுத்தவரை, அந்த அமைப்பு யாருக்குப் பொறுப்பானது, எதை அனுமதிக்கும், எதை மறுக்கும் என்று முதல் முறை வரும்போதே ஒரு வாக்கியத்தில் விளக்கிவிட வேண்டும். திட்ட அனுமதி என்ற ஒரே பெயர் ஒரு நாட்டில் சட்ட உரிமையாகவும் மற்றொரு நாட்டில் அதிகாரியின் விருப்புரிமையாகவும் இருக்கும்.

பரிந்துரைகள் என்ற பகுதியில்தான் அறிக்கைப் பழக்கம் மறுபடி தலைகாட்டும். பொதுப் போக்குவரத்தை மேம்படுத்த வேண்டும், துறைகள் ஒருங்கிணைய வேண்டும், மக்கள் பங்கேற்பு வேண்டும் என்பவை ஆய்வு செய்யாமலே சொல்லக்கூடியவை. உங்கள் சான்று தாங்கும் ஒன்றோ இரண்டோ பரிந்துரைகளை, அவற்றை யார் எந்த அதிகாரத்தைக் கொண்டு செய்ய முடியும் என்பதோடு எழுதுங்கள்; மற்றவற்றை நீக்கிவிடுங்கள்.

ஐந்தாம் படி: வரைபடங்கள்

சுவரளவு தாளில் வரைந்து பழகிய துறை இது. ஆய்விதழ்ப் பக்கத்தின் ஒற்றைப் பத்தியோ (column) ஏறத்தாழ 9 செ.மீ. அகலம்தான். திட்ட அறிக்கையிலிருந்து எடுத்த நிலப்பயன்பாட்டு வரைபடத்தை அந்த அகலத்துக்குச் சுருக்கினால் தெருப் பெயர்கள் தூசியாகிவிடும். வரைபடத்தைப் புதிதாகவே வரைய வேண்டும். பதினான்கு வகை நிலப்பயன்பாட்டில் கூற்றுக்குத் தேவையானவை ஐந்து என்றால் மற்றவற்றை ஒன்றாக்கிச் சாம்பல் நிறத்தில் பின்னுக்குத் தள்ளலாம். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைப்பதைத் தவிர்க்க வேண்டும். நிறக்குருடு உள்ளவர்கள் பலருக்கு இரண்டையும் பிரித்தறிவது கடினம். கறுப்பு வெள்ளையில் ஒருமுறை அச்சிட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. அளவுகோலும், வடதிசையும், தரவின் மூலமும் ஆண்டும் இருக்க வேண்டும். இணைய வரைபடச் சேவைகளின் திரைப்பிடிப்பை அப்படியே ஒட்டுவது பதிப்புரிமைச் சிக்கலில் கொண்டுபோய் விடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைப் பயன்படுத்தலாம். அதன் பங்களிப்பாளர்களுக்கு உரிய குறிப்பைச் சேர்க்க வேண்டும்.

ஆறாம் படி: ஆசிரியர் உரிமையும் நலமுரணும்

யார் பெயர் முதலில் என்பதைக் களப்பணி தொடங்கும்போதே எழுத்தில் முடிவு செய்துகொள்வது உறவுகளைக் காப்பாற்றும். பல பதிப்பகங்கள் இப்போது ஒவ்வொருவரின் பங்களிப்பையும் 14 வகைகளாகப் பிரித்த கிரெடிட் (CRediT) முறையில் கேட்கின்றன. தரவு தந்த அதிகாரியை நன்றியுரையில் குறிப்பிடலாம். தரவு தந்ததற்காக மட்டும் அவரை இணை ஆசிரியராக்குவது முறையன்று. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஆசிரியராகக் குறிப்பிட முடியாது என்பது பதிப்பு நெறிமுறைக் குழுவான COPE-இன் நிலைப்பாடு. அவற்றைப் பயன்படுத்தியிருந்தால் எங்கே, எதற்காக என்று தெரிவிக்க வேண்டும்.

திட்டமிடலில் மட்டும் கூர்மையாக எழும் சிக்கல் ஒன்று உண்டு. மதிப்பிடும் திட்டத்தை வரைந்த ஆலோசனைக் குழுவில் ஆய்வாளரே இருந்திருப்பார். அது தவறில்லை, உள்ளிருந்து பார்த்தவரின் ஆய்வுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் அதை நலமுரண் அறிவிப்பில் சொல்லாமல் விட்டால், பின்னால் தெரியவரும்போது கட்டுரை திரும்பப் பெறப்படும் அளவுக்கும் போகலாம். ஆலோசனைப் பணிக்காகத் திரட்டிய தரவு வாடிக்கையாளருடையது. அதை வெளியிட எழுத்து மூலமான அனுமதி வேண்டும்.

ஏழாம் படி: அனுப்புதல்

ஒரே நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டுமே அனுப்பலாம். உடன் வைக்கும் கடிதம் அரைப் பக்கத்துக்குள் கூற்றையும் அது அந்த இதழின் எந்த உரையாடலைத் தொடுகிறது என்பதையும் சொன்னால் போதும். ஆசிரியரும் மதிப்பாய்வாளரும் ஒருவரையொருவர் அறியாதபடி இருபுறமும் பெயர் மறைத்த மதிப்பாய்வானால், பெயரைத் தலைப்புப் பக்கத்திலிருந்து எடுத்தால் மட்டும் போதாது. கோப்பின் பண்புகளில் ஒளிந்திருக்கும் ஆசிரியர் பெயர், நன்றியுரை, நிதி எண், "எங்கள் முந்தைய ஆய்வில்" என்ற சொற்கள், வரைபடத்தின் மூலையில் உள்ள ஆய்வக முத்திரை ஆகிய அனைத்தும் காட்டிக்கொடுக்கும். ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் (ORCID) எண் இல்லாதவர்கள் முன்கூட்டியே இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

எட்டாம் படி: மதிப்பாய்வுக்குப் பதிலளித்தல்

முடிவு வரச் சில மாதங்கள் ஆகும். நான்கு மாதம் கடந்தும் செய்தி இல்லையென்றால் பதிப்பாசிரியருக்குப் பணிவாக ஒரு வரி எழுதிக் கேட்பதில் தவறில்லை. பெரிய திருத்தம் தேவை என்று வரும் கடிதம் நல்ல செய்தி. அதைப் பாதி மறுப்பாக எடுத்துக்கொண்டு கைவிடுபவர்கள் அநேகம்.

மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு கருத்தையும் எண்ணிட்டு எழுதி, அதன் கீழ் பதிலை எழுத வேண்டும். "அடர்த்தியை வார்டு அளவில் கணக்கிட்டிருப்பது முடிவைப் பாதித்திருக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருப்பதாகக் கொள்வோம். "கருத்துக்கு நன்றி, திருத்தியுள்ளோம்" என்பது பதிலே ஆகாது. இப்படி எழுதலாம்: "இதே கணக்கீட்டை 500 மீட்டர் கட்டங்களைக் கொண்டு மீண்டும் செய்தோம். தொடர்பின் திசை மாறவில்லை, வலிமை குறைந்தது. இதை அட்டவணை 4-இலும் 14-ஆம் பக்கத்தின் இரண்டாம் பத்தியிலும் சேர்த்துள்ளோம். முடிவுரையில் 'தீர்மானிக்கிறது' என்றிருந்ததைத் 'தொடர்புடையது' என்று மாற்றியுள்ளோம்." என்ன செய்யப்பட்டது, எது மாறியது, எங்கே பார்க்கலாம் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. மதிப்பாய்வாளர் சொல்வது தவறு என்று தோன்றினால் காரணத்தோடு மறுக்கலாம். இரண்டு மதிப்பாய்வாளர்கள் எதிரெதிராகச் சொன்னால், எந்த வழியைத் தேர்ந்தீர்கள், ஏன் என்பதைப் பதிப்பாசிரியருக்கு எழுதும் பகுதியில் சொல்லிவிட வேண்டும்.

மறுக்கப்பட்டால், கருத்துகளில் நியாயமானவற்றைத் திருத்திவிட்டே அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். துறை சிறியது, அதே மதிப்பாய்வாளரிடம் அதே கட்டுரை மாற்றமின்றிப் போய்ச் சேருவது நடக்கக்கூடியதே.

ஒன்பதாம் படி: ஏற்றுக்கொண்ட பிறகு

அச்சுப் படியைத் திருத்த இரண்டு மூன்று நாள்தான் தருவார்கள். அப்போது முதலில் பார்க்க வேண்டியவை வரைபடங்களின் தெளிவும் அட்டவணை எண்களும் பெயர்களின் எழுத்தும். உரிம ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். கட்டணம் கட்ட முடியாதவர்களும், ஏற்கப்பட்ட கையெழுத்துப் படியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இடப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன. சிலவற்றில் அதற்குக் காத்திருப்புக் காலம் உண்டு. தரவையும் நிரலையும், அடையாளம் வெளிப்படாதபடி செய்து, செனோடோ போன்ற களஞ்சியத்தில் இட்டால் அவற்றுக்கும் மேற்கோள் காட்ட உதவும் நிலையான அடையாள எண்ணான டிஓஐ (DOI) தனியாகக் கிடைக்கும்.

நேர்காணல் தந்தவர்களுக்கும் திட்ட அலுவலகத்துக்கும் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றை அவர்கள் மொழியில் எழுதி, வரைபடம் ஒன்றுடன் கொடுக்க வேண்டும். வரைவுத் திட்டம் ஒன்றின் மீது பொதுமக்களின் கருத்து கேட்கப்படும் காலம் நெருங்கினால், கட்டுரை வெளிவரும்வரை காத்திராமல், ஏற்கப்பட்ட படியின் முடிவுகளை அந்தச் சுருக்கத்தோடு ஆட்சேபமாகவோ ஆலோசனையாகவோ பதிவு செய்யலாம். அதற்கு முன், வெளியீட்டுக்கு முந்தைய பகிர்வை இதழ் அனுமதிக்கிறதா என்பதைப் பதிப்பாசிரியரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.